ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது என்றால், வீட்டில் எழும் முதற் கேள்வி "எங்கே போகலாம்?" என்பதுதான். இயல்பான கேள்வி. ஆனால் இரண்டாவதாக வரவேண்டிய அந்தக் கேள்வி எப்படியோ முந்திக்கொண்டு முதலில் வந்து நின்றுவிடுகிறது. "இந்த வீட்டில் யார் களைத்திருக்கிறார்கள்? எதனால் களைத்திருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமலே நாம் பஸ் ஏறிவிடுகிறோம். அதனால்தான் போய்த் திரும்பிய இரவில், "போகாமலே இருந்திருக்கலாம்" என்ற பெருமூச்சு யாரோ ஒருவரிடமிருந்து வருகிறது. அந்த ஒருவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவது குடும்பங்களில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது அறம், நீதி என்று பெரிய சொற்களை எதற்கு இழுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு பொருளை எங்கே பங்கிட வேண்டியிருக்கிறதோ, அங்கே நீதியும் அநீதியும் கூடவே வந்துவிடுகின்றன. பந்தியில் ஒருவர் இலைக்கு மட்டும் வடை வராமல் போனால், அதைப் பார்த்துச் சொல்ல நான்கு பேர் இருக்கிறார்கள். ஓய்வைப் பங்கிடும்போது ஒருவருக்கு மட்டும் வராமல் போனால் கவனிக்க ஆள் இல்லை. வடை கண்ணுக்குத் தெரிகிறது, ஓய்வு தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

நல்லம்பள்ளியில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தருமபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் வழியில் இருக்கும் ஊர் அது. மழையைப் பார்த்துப் பிழைக்கும் மேட்டு நிலம். தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் ஏராளம். நம் கற்பனைக் குடும்பத்தின் தலைவனும் அப்படிப் போனவன்தான். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாலைந்து பேருடன் ஓர் அறையில் ஐந்து இரவுகள் தங்குகிறான். வெள்ளிக்கிழமை இரவு, உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்தும் கிடைக்காவிட்டால் நின்றும் ஊர் வந்து சேருகிறான். வீட்டில் மனைவி, வயதான தாய், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு கறவை மாடு.

"வீட்டிலேயே இருப்போமே. வீட்டைப் போல் சுகம் எங்கே உண்டு?" என்கிறான் அவன்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா, நான் அஞ்சு நாளும் இங்கேயேதானே இருந்தேன்?" என்கிறாள் அவள்.

இந்த இரண்டு பேச்சிலும் பொய் இல்லை. அவன் பேராசைக்காரனும் அல்லன். அவள் ஊர்சுற்றியும் அல்லள். அவனுக்கு வீடு என்பது வேலை முடிந்து வந்து சேரும் இடம். அவளுக்கு அதுவே வேலை நடக்கும் இடம். தொழிற்சாலையில் பணிபுரிகிறவனை அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை உன் தொழிற்சாலையிலேயே போய் நிம்மதியாக இரு" என்று சொன்னால் அவன் நம்மை ஒருமாதிரியாகப் பார்ப்பான். அவளிடம் நாம் சொல்வது ஏறக்குறைய அதைத்தான். ஒரே கூரையின் கீழ் இருப்பதால் இருவருக்கும் அது ஒரே வீடு என்று நினைத்துவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு இந்தத் தர்க்கம் எல்லாம் தெரியாது. "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா" என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கடைசியில் பிள்ளைகள் கட்சிதான் ஜெயிக்கிறது.

போவதற்கு இடத்துக்கா பஞ்சம்? அடுத்தாற்போல் அதியமான்கோட்டை இருக்கிறது. அங்கே காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று பூசணிக்காயில் விளக்கேற்றும் கூட்டத்தைப் பார்க்கலாம். சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியங்களாக இருக்கின்றன. அண்ணாந்து பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அரை நாள் போதாது. சேலம் பக்கம் திரும்பினால் தொப்பூர்க் கணவாய். பாப்பாரப்பட்டிக்குப் போனால், 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி அங்கே உயிர்நீத்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டரில் ஒகேனக்கல். புகையும் பாறை என்று பொருள்படும் அந்தக் கன்னடப் பெயரே பிள்ளைகளை இழுத்துவிடும்.

ஆகவே ஒகேனக்கல் என்று முடிவாகிறது. முடிவான அந்தக் கணத்திலேயே ஒருவருக்கு வேலை இரட்டிப்பாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு அவள் எழுந்திருக்க வேண்டும். புளிச்சோறு கிளற வேண்டும். தயிர்ச்சோறு பிசைய வேண்டும். சின்னவன் புளிச்சோறு தின்ன மாட்டான், அவனுக்கு இட்லி. மாமியாரின் மாத்திரை, மாற்றுத்துணி, துண்டு, தண்ணீர், வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். இதற்கு நடுவே மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். மாலைக் கறவைக்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்த உதவிக்குப் பதில் உதவியை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும். ஆற்றங்கரையில் பிள்ளைகள் நீரில் இறங்கினால் தகப்பன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கலாம். அவள் கண்ணை மூட முடியாது. திரும்பி வந்த பிறகு ஈரத்துணி ஒரு மூட்டை, கழுவ வேண்டிய பாத்திரம் ஒரு மூட்டை, தூங்கிவிட்ட பிள்ளைகள் இரண்டு. "நல்லாப் பொழுது போச்சு இல்லே?" என்று அவன் கேட்கிறான். "ஆமாம்" என்கிறாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அவளிடம் எவ்வளவு பெருந்தன்மை இருக்க வேண்டும்!

இது ஒரு வீட்டுக் கதை அன்று. 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று, மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சமையல், துப்புரவு போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் இந்த வேலைகளைச் செய்தார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தாம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு! தொழிற்சாலையில் அரை நாளைத் தாண்டிய உழைப்பு இது. அங்கே மணி அடித்தால் வேலை நின்றுவிடும். இங்கே மணி அடிப்பவர் யார்?

இந்த உழைப்பை உலகம் அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி, நல்லம்பள்ளிக்கு அருகிலுள்ள தொப்பூரில்தான், மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் ஒரு கருத்து இருந்தது. கூலி வாங்காமல் உழைத்தவளுக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது என்ற ஒப்புதல் அந்தப் பெயரில் இருந்தது. அதற்கு முந்திய மாதம், ஜூனில், சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பேணிய மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பணத்தைக் கொடுக்க அரசாங்கத்தால் முடிந்தது. சொத்தில் பங்கு கொடுக்க நீதிமன்றத்தால் முடிந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவளுக்குக் கொடுக்க முதலமைச்சராலும் முடியாது, நீதிபதியாலும் முடியாது. அதைக் கொடுக்க முடிந்தவர்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் ஆலைகளில் வாரம் ஏழு நாளும் உழைத்த தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் பல ஆண்டுகள் போராடினார். 1890-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையையும், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும் எழுதி வைத்தது. 1985-இல் மத்திய அரசு அலுவலகங்கள் வாரத்தில் ஐந்து நாள் என்ற முறைக்கு மாறின. இவ்வளவு போராட்டமும் சட்டமும் வாசற்படி வரை வந்தன. வாசற்படியைத் தாண்டி அடுக்களைக்குள் அவை நுழையவில்லை.

யூதர்களின் பழைய மறைநூல் ஏழாம் நாள் ஓய்வைக் கட்டளையாகவே விதிக்கிறது. யார் யார் ஓய்ந்திருக்க வேண்டும் என்று பட்டியலும் தருகிறது: வீட்டுக்காரன், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வந்து தங்கிய வேற்றூரான் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். மாட்டைக்கூட மறக்காத அந்தப் பட்டியலில் மனைவி என்ற சொல் இல்லை! வீட்டுக்காரனைச் சொன்னதிலேயே அவளும் அடக்கம் என்று உரை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். நம்முடைய பட்டியல் மட்டும் வேறு மாதிரியா? மாட்டுப் பொங்கலன்று ஏரில் பூட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டுக் கொம்புக்கு வர்ணம் தீட்டுகிறோம். ஆயுத பூசையன்று உளிக்கும் சுத்தியலுக்கும் புத்தகத்துக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கிறோம். அந்த இரண்டு நாளிலும் அடுப்பு மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக எரிகிறது.

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. தருமபுரி அருங்காட்சியகத்திலேயே பல கற்களைப் பார்க்கலாம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் நட்ட கல் இது என்று அங்கே படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அந்த ஆநிரைக்கு நாள்தோறும் தண்ணீர் காட்டியவளுக்கும், சாணம் அள்ளியவளுக்கும், மோர் கடைந்தவளுக்கும் யார் கல் நட்டார்கள்? ஒருநாள் செய்த தியாகம் கல்லில் நிற்கிறது. நாள்தோறும் செய்த தியாகம் மறுநாளே மறந்துபோகிறது. வீரனின் புகழைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பார்க்கும் கண் நமக்கு எப்படிப் பழகியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு வரும். "அவளுக்கு அதிலேதான் சந்தோஷம். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவளுக்குக் களைப்பே தெரியாது" என்பார்கள். இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பிறருக்குச் செய்வதில் உள்ள இன்பத்தை அறியாதவன் அரை மனிதன். ஆனால் விருப்பம் என்ற சொல்லுக்கு எப்போது பொருள் உண்டு? "இன்றைக்கு முடியாது" என்று சொல்லும் உரிமையும் உடன் இருக்கும்போதுதான். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்றைக்கு நான் சமைக்கப் போவதில்லை" என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? யாரும் முகம் சுளிக்காமல், காரணம் கேட்காமல், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல், ஒருவர் எழுந்து அரிசி களைந்தால், அந்த வீட்டில் அவள் நாள்தோறும் செய்வதை விருப்பம் என்று சொல்லலாம். அப்படி நடக்காது என்றால், அதற்கு விருப்பம் என்று பெயர் சூட்டுவது நம் வசதிக்காக நாம் செய்துகொண்ட ஏற்பாடு.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது இதைவிடக் கூர்மையானது. "சரி, அவள் சமைக்க வேண்டாம். ஓட்டலில் சாப்பிடுவோம். அங்கே இலை எடுக்கிறவனுக்கு ஞாயிறு இல்லையா? பரிசல் ஓட்டுகிறவனுக்கு? கரையில் மீன் வறுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு? நம் ஓய்வு எப்படியும் இன்னொருவர் உழைப்பின்மேல்தானே நிற்கிறது?" நல்ல கேள்வி. நம் ஓய்வுக்காக இன்னொருவர் உழைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவர் உழைப்புக்குக் கூலி இருக்க வேண்டும். வேறொரு நாளில் அவருக்கும் ஓய்வு இருக்க வேண்டும். வேலையின் நடுவிலும் மனிதனாக மதிக்கப்பட வேண்டும். கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே இருந்த ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. பரிசல்காரரின் நிலை வேறு. காவிரியில் வெள்ளம் மிகுந்தால் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்கள். அப்போது அவர் கரையில் உட்கார்ந்திருக்கிறார். அதை ஓய்வு என்று யாராவது சொல்வார்களா? அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய கவலையோடு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது ஓய்வாகாது. ஆகவே கூலியில் பேரம் பேசாமல் இருப்பதும், வறுத்த மீனை வாங்கிக்கொண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்வதும், ஓட்டலில் இலை எடுக்கும் பையனை "டேய்" என்று கூப்பிடாமல் இருப்பதும், உல்லாசப் பயணத் திட்டத்தில் முதலிலேயே எழுதி வைக்க வேண்டிய செலவுகள்.

பரிசல்காரரைப் பார்த்த பிறகு, ஓய்வு என்றால் வேலை இல்லாமல் இருப்பது என்ற எண்ணம் நிற்காது. அப்படியானால் ஓய்வு என்பதுதான் என்ன? நாம் உழைப்பதே ஓய்வு பெறுவதற்காக என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதினார். உயர்ந்த சிந்தனைக்கும் நட்புக்கும் அத்தகைய ஓய்வு வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் காலத்து ஏதென்ஸில் அந்த ஓய்வு சிலருக்கு மட்டுமே கிடைத்தது. வீட்டு வேலைகளை அடிமைகளும் பெண்களும் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய ஞானிகூடத் தன் வீட்டு அடுப்பில் யார் ஊதுகிறார்கள் என்று கேட்க மறந்துவிடலாம்.

நான் ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன். கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்க வேண்டாத நிலைதான் ஓய்வு. கையில் வேலை இருக்கலாம். பூத்தொடுக்கலாம், தோட்டத்தில் மண் கிளறலாம். "அம்மா, என் சட்டை எங்கே?" என்ற குரல் வந்தால் எழுந்திருக்க வேண்டியவள் நான் அல்லேன் என்ற நிச்சயம் இருந்தால், அது ஓய்வு. கையைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம். பிள்ளை எங்கே, பை எங்கே, மாத்திரை எப்போது என்று மனம் காவல் காத்துக்கொண்டிருந்தால் அது ஓய்வு அன்று. கைவேலையைப் பகிர்ந்துகொள்ளும் நல்ல கணவர்கள்கூட இந்தக் காவலை மட்டும் அவளிடமே விட்டுவிடுகிறார்கள். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்கிறேன்" என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பதுதான் அவளுடைய பெரிய வேலை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்த அளவுகோல் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வயதான தாய் இருக்கிறாள் அல்லவா? நாற்பது ஆண்டுகள் அவளும் இதே அடுப்பில் ஊதியவள்தான். இப்போது, "நீ பேசாமல் உட்காரு" என்று மகன் சொல்கிறான். அன்போடுதான் சொல்கிறான். ஆனால் அவள் காதில் அது, "இனி நீ வேண்டாம்" என்று விழுகிறது. அவளுக்கு வேண்டிய ஓய்வு வேறு. ஒரு முறம் முருங்கைக் கீரையை அவள் முன்னால் வைத்து, பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்தால், கீரையோடு கதையும் உருவிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதுவே திருவிழா. மகனுக்கு வேண்டியது வீட்டில் இரண்டு வேளை நிதானமாகச் சாப்பிட்டு உறங்குவது. மருமகளுக்கு வேண்டியது சில மணி நேரம் யாரும் கூப்பிடாத இடம். பிள்ளைகளுக்கு வேண்டியது நீர்வீழ்ச்சிகூட அன்று. வாரத்தில் ஐந்து நாள் முகம் காட்டாத தகப்பன். ஒரே வீட்டில் நான்கு வகை ஓய்வு! நான்கையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கினால் நிறைவேறிவிடும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

அப்படியானால் நல்லம்பள்ளிக் குடும்பம் என்ன செய்யலாம்? சனிக்கிழமை காலை அவன் தூங்கட்டும். அவனை யாரும் எழுப்ப வேண்டாம். ஐந்து நாள் உழைத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. அன்று மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவனே கடைத்தெருவுக்குப் போய் வரட்டும். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் அவளைக் கூப்பிட ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் வேண்டாம். அது பள்ளி நீண்ட விடுமுறைக்கு இருக்கட்டும். தூரம் கூடக் கூட மூட்டை கூடுகிறது. மூட்டை கூடினால் கட்டுகிறவளுக்கு வேலை கூடுகிறது. அதியமான்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் எல்லாரும் கம்பங்கூழோ பழையசோறோ குடித்துவிட்டுப் புறப்படலாம். மூத்தவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொள்ளட்டும். சின்னவன் தன் சட்டையைத் தானே தேடட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு மெஸ். மாலைக் கறவைக்கு வீடு திரும்பி, பாலை அவனே சொசைட்டிக்கு எடுத்துப் போகட்டும். திரும்பி வந்த பிறகு உள்ள வேலையும் பயணத்தைச் சேர்ந்த வேலைதான். அதையும் முதலிலேயே பங்கிட்டு வைத்துவிட்டால், இரவில் வரும் பெருமூச்சு வராது. ஏதோ ஒரு வாரம் அவள் தன் அக்காளைப் பார்க்கத் தனியாகப் போக ஆசைப்பட்டால் அதையும் குடும்ப விடுமுறை என்றே கணக்கில் சேர்க்கலாம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021-இல் கட்டணம் நீக்கப்பட்டபோது, பலருக்குப் பணத்தைவிடப் பெரிதாகக் கிடைத்தது யாரிடமும் கேட்காமல் புறப்படும் துணிவுதான்.

அதியமான்கோட்டையைச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரை ஆண்டவன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைத் தமிழ் படித்த குழந்தைகூடச் சொல்லும். அரிய மலைப்பிளவில் பறித்த கனி. உண்டவருக்கு நீண்ட ஆயுள். தானே உண்டிருக்கலாம். உண்ணவில்லை. இந்த அளவோடு நாம் கதையை நிறுத்திவிடுகிறோம். புறநானூற்றில் ஔவை வியந்து போற்றுவது இன்னொன்றையும் சேர்த்துத்தான்: அந்தக் கனியின் பெருமையைச் சொல்லாமலே அவன் கொடுத்துவிட்டான். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள், அல்லது வாங்கிய கணம் முதல் கடன்பட்டவளாகியிருப்பாள்.

ஓய்வைக் கொடுப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் சமையலறையில் புகுந்து, "இன்றைக்கு நான்தான் சமையல்!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்து, உப்பு எங்கே, கடுகு எங்கே என்று பத்து முறை கூப்பிட்டு, பாத்திரம் அத்தனையையும் கரியாக்கிவிட்டு, "எப்படி இருக்கிறது ரசம்?" என்று நான்கு பேரிடம் பாராட்டுக் கேட்கும் கணவன் கொடுப்பது ஓய்வன்று, அது ஒரு நாடகம். பார்த்துக் கை தட்ட வேண்டிய வேலையும் அவளுக்கே சேருகிறது. சொல்லாமல் கொடுக்க வேண்டும். அவள் எழுந்து பார்க்கும்போது பாத்திரம் கழுவியிருக்க வேண்டும். "யார் கழுவியது?" என்று அவள் கேட்டால்கூட, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சின்னக் காரியத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஆனால் நீதி, சமத்துவம் என்ற சொற்களைப் பிள்ளைகள் முதன்முதலில் படிப்பது பள்ளிப் புத்தகத்தில் அன்று. தாய் உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் கேட்க வேண்டுமென்றால், தகப்பன் அவளைக் கூப்பிடுகிறானா, தானே எழுந்து போகிறானா என்பதில் படிக்கிறார்கள். ஒகேனக்கலில் விழுந்த நீரை அவர்கள் மறந்துவிடலாம். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில், தங்களோடு சேர்ந்து தாயும் தரையில் நிதானமாக உட்கார்ந்து, அவசரமில்லாமல் தலையைச் சாய்த்து விதானத்து ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளை எளிதில் மறக்கமாட்டார்கள். நாளைக்கு அவர்கள் தங்கள் வீட்டில் கனியைப் பங்கிடும்போது, அந்த நாள் நினைவுக்கு வந்தால் போதும்.